நரசாபுரம், டிசம்பர் 2020: ஆள் இரட்டிப்பானபோது சம்பளக் கணக்கு எங்கே நின்றது

பெங்களூரிலிருந்து கே.ஆர்.புரம், ஹொஸ்கோட்டே தாண்டிச் செல்லும் நெடுஞ்சாலையில், கோலார் நகருக்குச் சற்று முன்னால் நரசாபுரம் தொழிற்பேட்டை இருக்கிறது. 2020 டிசம்பர் 12, சனிக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் அங்கிருந்த, ஆப்பிளுக்காகக் கருவி செய்து தரும் தைவான் நிறுவனமான விஸ்ட்ரானின் ஆலையில் தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள். ஐஃபோன் தயாராகும் ஆலை என்பதால் செய்தி உலகம் முழுக்கப் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். காவல் துறையிடம் கொடுத்த புகாரில் இழப்பு 437 கோடி ரூபாய் என்றிருந்தது. சில நாளில் தைவான் பங்குச் சந்தைக்கு நிறுவனம் தெரிவித்தபோது அது 10 கோடி முதல் 20 கோடி தைவான் டாலர், அதாவது ஏறக்குறைய 26 முதல் 52 கோடி ரூபாய் என்று சுருங்கியது.

உடைந்த கண்ணாடியின் மதிப்பைப் பற்றி இத்தனை விவாதம் நடந்த அதே ஆலையில், தொழிலாளர்கள் வேலை பார்த்த மணிநேரம் அக்டோபரிலிருந்தே சரியாக எண்ணப்படவில்லை. அதுதான் இந்த நிகழ்வின் மையம். வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் ‘கல்ச்சர் கெட்டுப்போச்சு’, ‘மேனேஜ்மென்ட் மதிக்கிறதில்ல’ என்ற பேச்சு எழும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியவை மூன்று: வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் ஆள். சுவரில் எழுதிய விழுமியங்களும் டீம் அவுட்டிங்கும் அதற்கு அப்புறம்தான்.

ஆலை வளர்ந்த வேகம்

விஸ்ட்ரான் கர்நாடகத்துக்குப் புதிதாக வந்த நிறுவனம் இல்லை. 2017இல் பெங்களூர் பீன்யாவில்தான் அது இந்தியாவின் முதல் ஐஃபோன் எஸ்.இ. கருவிகளை உருவாக்கியது. நரசாபுரத்து ஆலை 2020இல் ஓடத் தொடங்கியது. ஊரடங்குக்குப் பிந்தைய மாதங்களில் உற்பத்தி இலக்கு ஏற, குறுகிய காலத்தில் ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய 5,000லிருந்து 10,500 ஆனது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் பல ஏஜென்சிகள் வழியாக வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் சிறு பங்குதான்.

கலவரத்துக்குப் பின் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறை நடத்திய ஆய்வு குற்றங்களை வரிசையாகச் சொன்னது. ஆள் இரட்டிப்பான அளவுக்கு மனிதவளப் பிரிவு வளரவில்லை. தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் அங்கே போதவில்லை. அக்டோபரில் 8 மணிநேர ஷிப்ட் 12 மணிநேரம் ஆனது. அந்த மாற்றத்தால் சம்பளம் எப்படி மாறும் என்பது தொழிலாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. மின்னணு வருகைப் பதிவில் ஏற்பட்ட கோளாறு இரண்டு மாதமாகச் சரிசெய்யப்படவில்லை. உரிய அனுமதி இல்லாமல் பெண்கள் ஓவர்டைம் பார்த்திருந்தார்கள். ஆப்பிள் தன் பங்குக்கு நடத்திய விசாரணையும் அக்டோபர், நவம்பர் மாதச் சம்பளம் சிலருக்குத் தாமதமானதற்கு வேலை நேரத்தை நிர்வகிக்கும் முறை சரியில்லாததே காரணம் என்றது.

ஷிப்ட் மாற்றமும் பதிவுக் கோளாறும் ஒரே மாதத்தில் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வருகைப் பதிவு மென்பொருளில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு குறியீடு உண்டு: தொடக்க நேரம், முடியும் நேரம், எத்தனை மணிநேரத்துக்கு மேல் ‘ஓடி’ (ஓவர்டைம்), எந்த இடைவெளிக்குள் விழுந்த பஞ்ச் (இயந்திரத்தில் விரல் வைக்கும் பதிவு) உள்ளே வந்தது, எது வெளியே போனது. ஷிப்டை மாற்றிவிட்டுக் குறியீட்டை மாற்றாவிட்டால், இரவு 7 மணிக்கு வந்து காலை 7 மணிக்குப் போகிறவரின் இரண்டு பஞ்சும் இரண்டு தனித்தனி நாளின் அரைப் பதிவுகளாக நிற்கும். மென்பொருள் அதை ‘மிஸ் பஞ்ச்’ என்று எழுதும். சம்பளக் கணக்கில் மிஸ் பஞ்ச் என்றால் பல இடங்களில் விடுப்பு. இரவு ஷிப்ட் ஆட்கள்தான் எப்போதும் முதலில் கொதிப்பார்கள், காரணம் இதுதான்.

21,000 எப்படி 12,000 ஆகிறது

நரசாபுரத்தில் எழுந்த குற்றச்சாட்டு இது: பொறியியல் பட்டதாரிகளுக்கு மாதம் 21,000 என்று சொல்லப்பட்டது, கைக்கு முதலில் 16,000, பிறகு 12,000 வந்தது. எந்தக் கழிவு அங்கே எவ்வளவு போனது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட சரிவு எப்படி நேரும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் காட்டலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக. விகிதங்கள் 2020இல் நடைமுறையில் இருந்தவை.

ஏஜென்சி ஆள் பேருந்து நிலையத்தில் சொல்வது ‘21,000 சம்பளம்’. அது உண்மையில் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் அடிப்படைச் சம்பளம் 13,000, வீட்டு வாடகைப்படி 1,500, ஒரு நாளும் தவறாமல் வந்தால் மட்டும் வருகை ஊக்கத்தொகை 2,000. இவை மூன்றும் சேர்ந்து 16,500. மீதியில் முதலாளி கட்டும் பி.எஃப். (நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம்) 1,690, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, 3.25 சதவீதம்) 537, போனஸ் ஒதுக்கீடு (8.33 சதவீதம்) 1,083, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு 625, சாப்பாடு, பேருந்துக்கு 565. கூட்டினால் 21,000 வந்துவிடும். ஏமாற்று என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். ஒவ்வொரு வரியும் ஏதோ ஓர் ஆவணத்தில் இருக்கும்.

தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 124, அப்போது கர்நாடகத்தில் 15,000 தொட்டவர்களுக்கு இருந்த தொழில்வரி 200. கையில் வருவது 14,616.

இப்போது ஒரே ஒரு பஞ்ச் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் வாடகைப்படியும் சேர்ந்த 14,500ஐ 26 நாளால் வகுத்தால் வரும் ஒரு நாள் சம்பளம் 558 போகும். கூடவே ஊக்கத்தொகை 2,000 முழுதாகப் போகும். மொத்தம் 13,942 ஆகிறது. 12,500 அடிப்படைக்கு பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 105, தொழில்வரி இல்லை. கையில் 12,337. வேலைக்கு வந்தவர், வேலை செய்தவர், இயந்திரம் ஒருமுறை விரலைப் படிக்காததால் 2,279 ரூபாய் இழக்கிறார். அடுத்த வரிசையில் நிற்கும் கூட்டாளிக்கு 14,616 வந்திருக்கும். இருவரும் மொபைலில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியை ஒப்பிட்டுப் பார்க்கும் நிமிடத்தில், நிர்வாகம் திருடுகிறது என்ற முடிவுக்கு வருவதற்கு வேறு ஆதாரம் தேவைப்படாது.

ஓவர்டைம் இன்னும் மோசம். 12 மணி ஷிப்டில் இடைவேளை ஒரு மணி போக 11 மணி வேலை. வாரம் 6 நாள் என்றால் 66 மணி. வாரத்தின் வழக்கமான 48 மணி போக 18 மணி ஓடி. மேலே சொன்ன சம்பளத்தில் ஒரு மணிக்கு ஏறக்குறைய 69.70 ரூபாய், இரட்டிப்பில் 139. நான்கு வாரத்துக்கு 72 மணி, ஏறத்தாழ 10,000 ரூபாய். கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓடி சேர்த்தும் வாரத்துக்கு 60 மணிக்கு மேல் விடவில்லை. காலாண்டுக்கு ஓடி 50 மணி, சிறப்பு விலக்கு பெற்றால் 75 மணி. ஆகவே மாதம் 72 மணி என்று பதிவேட்டில் எழுதினால் நிறுவனமே தன் மீறலுக்குச் சாட்சி எழுதியதாகிறது. இந்த முடிச்சில் மாட்டும் நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது, சட்ட வரம்பு வரை ஓடி என்று காட்டிவிட்டு, மிச்சத்தை ‘புரொடக்‌ஷன் இன்சென்டிவ்’ என்ற பெயரில், ஒற்றை விகிதத்தில், அடுத்த மாதம் கொடுப்பது. அந்த ‘அடுத்த மாதம்’ தள்ளிப்போகும்போது கேட்பவர் கையில் காகிதம் இருக்காது. லைன் லீடர் வாயால் சொன்னது மட்டும் இருக்கும்.

திருத்தம் ஏன் நடப்பதில்லை

பஞ்ச் விழாதது எல்லா ஆலையிலும் நடக்கும். விரல் தேய்ந்தவர்கள், கையுறையைக் கழற்றிய ஈரக் கை, ஷிப்ட் மாறும்போது நான்கு இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டாயிரம் பேர், பின்னால் ஹாரன் அடிக்கும் கம்பெனி பஸ். கோளாறு ஆபத்தில்லை. திருத்தத்துக்கு வழி இல்லாததுதான் ஆபத்து.

கான்ட்ராக்ட் தொழிலாளியின் ஒரு பஞ்ச் திருத்தம் கடக்கும் பாதையைப் பாருங்கள். லைன் லீடர் ஒப்புக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஆலையின் நேர அலுவலகம் பதிவை மாற்ற வேண்டும். மாதக் கணக்கு 25ஆம் தேதி மூடுகிறது என்றால், 27ஆம் தேதி வரும் திருத்தம் ஏஜென்சியின் பில்லில் சேராது. ஏஜென்சி துணை பில் அனுப்பினால், ஆலையின் கொள்முதல் பிரிவு பர்ச்சேஸ் ஆர்டரில் அனுமதித்த மணிநேரம் தீர்ந்துவிட்டது என்று திருப்பும். ஆர்டரைத் திருத்த நிதிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். யாரும் கெட்டவர்களாக இல்லாமலேயே 558 ரூபாய் மூன்று மாதம் அலையும்.

தொழிலாளிக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் கேட்பது இவ்வளவுதான்: “அண்ணா, போன மாசம் 14ஆம் தேதி நைட் வந்தேன்ல, ஆப்சென்ட் போட்டிருக்காங்க.” லைன் லீடர்: “நான் என்னப்பா பண்றது, உங்க ஏஜென்சில கேளு.” ஏஜென்சி ஆள்: “கம்பெனி டேட்டா குடுக்கல தம்பி, நீங்க எச்.ஆர்.ல கேளுங்க.” எச்.ஆர். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, கான்ட்ராக்ட் அட்டைக்காரர்களை உள்ளே விடமாட்டார். ‘மதிப்பில்லை’ என்று தொழிலாளர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்று வாசல்களைத்தான்.

சட்டப்படி இந்த அலைக்கழிப்புக்கு இடமே கிடையாது. 1970ஆம் ஆண்டு கான்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்கத் தவறினாலோ குறைத்துக் கொடுத்தாலோ மீதியை முதன்மை நிறுவனமே, அதாவது வேலை வாங்கும் ஆலையே, கொடுக்க வேண்டும் என்றது. கொடுத்ததை ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். 500 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் நலஅதிகாரி, 1,000 எட்டினால் பாதுகாப்பு அதிகாரி என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. இந்தப் பதவிகளைத் தகுதிச் சான்றிதழுக்காக நிரப்பிவிட்டு, நலஅதிகாரியை கேன்டீன் டெண்டர் பார்க்க அனுப்புவது பீன்யா, பொம்மசந்திரா போன்ற பெங்களூர்த் தொழிற்பேட்டைகளில் புதுமை இல்லை.

டிசம்பர் 19க்குப் பிறகு

கலவரம் முடிந்த ஒரு வாரத்தில், டிசம்பர் 19 அன்று, விஸ்ட்ரான் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது; இந்திய வணிகத்தைப் பார்த்துவந்த துணைத் தலைவரை நீக்கியது. ஆப்பிள், திருத்த நடவடிக்கைகள் முடியும்வரை புதிய வேலை தருவதில்லை என்று சொல்லி நிறுவனத்தைக் கண்காணிப்பில் வைத்தது. ஆட்சேர்ப்பு, சம்பளப் பட்டுவாடா முறைகள் மாற்றப்பட்டன. 2021 தொடக்கத்தில் ஆலை மீண்டும் ஆள் எடுத்தது. 2023 அக்டோபரில் ஆலை 12.5 கோடி டாலருக்கு டாடா குழுமத்துக்கு விற்கப்படுவது அறிவிக்கப்பட்டது.

திருத்தங்களில் ஒன்றைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கலாம்: பெயர் சொல்லாமல் புகார் தர 24 மணிநேரத் தொலைபேசி எண் தொடங்கியபோது, கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் என ஐந்து மொழிகள் வைத்தார்கள். கோலார் மாவட்டத்தில் தமிழ் நேற்று வந்த மொழி இல்லை. தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடிய பின், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற குடும்பங்களின் வீட்டு மொழி அது. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரைச் சுற்றிய ஆலைகளில் அறிவிப்புப் பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் வரும். எல்.ஓ.பி. (சம்பளமில்லா விடுப்பு), ஏ.டி.டி. இன்ஸ். (வருகை ஊக்கத்தொகை) என்ற சுருக்கங்களை பி.இ. படித்தவரே ஊகித்துத்தான் படிக்கிறார்.

ஆள் எடுக்கும் முன் செய்ய வேண்டியது

வளர்ச்சித் திட்டம் போடுகிறவர்கள் இயந்திரம், இடம், பஸ் மூன்றையும் கணக்கில் எடுப்பார்கள். சம்பளக் கணக்கைத் தானாக நடக்கும் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த 500 பேரைச் சேர்க்கும் முன் கீழ்க்கண்டவை நடந்திருக்க வேண்டும்.

புது ஷிப்ட் குறியீட்டை ஒரே ஒரு லைனில், முழுச் சம்பளச் சுற்று ஒன்று, பழைய கைப்பதிவோடு சேர்த்து ஓட்ட வேண்டும். கைப்பதிவு என்றால் லைன் லீடர் ஷிப்ட் தொடங்கி அரை மணிக்குள் தலை எண்ணி, பெயர் எழுதி, கையெழுத்திடும் மஸ்டர் தாள். மாத முடிவில் இயந்திரக் கணக்கும் தாளும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் முரண்பட்டால் மற்ற லைன்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்த இரண்டு என்பது எங்கள் கணிப்பு. ஐந்து என்று வைத்தால் ஆயிரம் பேரில் ஐம்பது பேர் வாசலில் நிற்பார்கள், அதைத் தாங்க உங்களிடம் ஆள் இல்லை.

மிஸ் பஞ்ச் பட்டியல் தினமும் காலை 11 மணிக்குள் லைனில் ஒட்டப்பட வேண்டும். மாத முடிவில் ஒட்டினால் பயனில்லை. 14ஆம் தேதி இரவு வந்தாரா என்பது 15ஆம் தேதி எல்லாருக்கும் நினைவிருக்கும், 30ஆம் தேதி யாருக்கும் இருக்காது. 48 மணிக்குள் யாரும் மறுக்காவிட்டால் மஸ்டர் தாள் சொல்வதே இறுதி. இயந்திரக் கோளாறின் சுமையைத் தொழிலாளி மேல் வைக்கும் விதியை, அதாவது ‘பஞ்ச் இல்லையென்றால் ஆப்சென்ட்’ என்பதை, எழுத்தில் நீக்குங்கள். போலி வருகை கூடும் என்று நிதிப் பிரிவு பயப்படும். லைன் லீடரின் தலை எண்ணிக்கையும் அன்றைய உற்பத்தி எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஆள் இல்லாமல் லைன் நகராது.

வருகை ஊக்கத்தொகையை ஒரே அடியாகப் பறிக்கும்படி வைக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் 500, இரண்டுக்கு 1,000 என்று படிப்படியாக வைத்தால் மேலே பார்த்த 2,279 ரூபாய்ப் பள்ளம் ஏறக்குறைய ஆயிரமாகச் சுருங்கும். ஊக்கத்தொகையின் நோக்கமும் கெடாது.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர வேண்டும். ஒன்று, போன மாதச் சம்பளம் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கில் ஏறியதற்கான வங்கிப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் இவை மூன்றும் வராமல் இந்த மாத பில் பாஸ் ஆகாது. இரண்டு, திருத்தங்களுக்கென்று மாத பில்லில் சிறு ஒதுக்கீடு. பர்ச்சேஸ் ஆர்டரைத் திறக்காமல் நேர அலுவலகமே அதிலிருந்து விடுவிக்கலாம். இரண்டாவது வரியை யாரும் போடுவதில்லை, 558 ரூபாய் மூன்று மாதம் அலைவது அதனால்தான்.

சேரும் நாளில் தரும் தாளில் மொத்தச் செலவை முதலில் எழுதாதீர்கள். ‘26 நாள் வந்தால் கையில் இவ்வளவு, 25 நாள் வந்தால் இவ்வளவு, 12 மணி ஷிப்ட் ஒன்றுக்கு ஓடி இவ்வளவு’ என்று மூன்று வரி, கன்னடத்திலும் தமிழிலும். ஏஜென்சி வாயால் சொன்ன தொகையைத் தொழிலாளியிடமே கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அவர் லைனுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். சிலர் அங்கேயே திரும்பிப் போவார்கள். போகட்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, மேலே சொன்ன பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். 20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர் குழு. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்காகும் என்பதால், அடிப்படையைக் குறைத்து ஊக்கத்தொகையைப் பெருக்கிய அமைப்புகளை எப்படியும் திருத்த வேண்டியிருக்கும்.

கணினி நிறுவனங்களில் இதே நோய்

பெங்களூரின் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ பெல்லந்தூரிலோ 40 பேரிலிருந்து 300 பேராகும் மென்பொருள் நிறுவனத்தில் யாரும் கண்ணாடி உடைப்பதில்லை. வேலையை விட்டுப் போகிறார்கள். அங்கே பஞ்ச் இயந்திரத்தின் இடத்தில் இருப்பது மதிப்பீடு. நிறுவனர் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை, யார் இரவில் சர்வரைக் காப்பாற்றினார் என்று அவருக்கே தெரியும். 150 பேர் ஆனபின் அது ஒரு மேனேஜரின் நினைவில் தங்குகிறது; அந்த மேனேஜர் நேற்றுவரை நல்ல புரோகிராமர், ஆள் நடத்திப் பழக்கமில்லாதவர். ஏப்ரல் மதிப்பீட்டில் அவர் கடைசி எட்டு வாரத்தை நினைத்து எழுதுவார். ஜூனில் உழைத்தவருக்குப் பஞ்ச் விழவில்லை. தீர்வும் அதேதான்: மாதம் ஒருமுறை இரண்டு வரி எழுத்துப் பதிவு, சம்பந்தப்பட்டவர் கண்ணில் படும்படி. வேலை விதிகளை எழுத்தில் வரையறுக்கச் சொன்ன நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடகம் இத்துறைக்குத் தந்த விலக்கை 2024இல் மேலும் 5 ஆண்டு நீட்டித்தபோது, ஊழியர் பிரதிநிதிகள் சம அளவில் உள்ள குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக நின்றது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

புகார் எண்ணைச் சோதிப்பது

ஐந்து மொழியில் எண் அச்சடிப்பது எளிது. எடுக்கிறவருக்கு வருகைப் பதிவைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்பதே முக்கியம். அந்த அனுமதி இல்லாதவர், ‘உங்கள் புகார் பதிவாகிவிட்டது’ என்று சொல்வதோடு நின்றுவிடுவார்; அது நான்காவது வாசல். ஆகவே எண்ணை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தால், குறைந்தது பஞ்ச் பட்டியலையும் சம்பளச் சீட்டையும் திரையில் காணும் வசதியோடு கொடுங்கள். மாதம் ஒருமுறை, இரவு ஷிப்ட் நடக்கும் 2 மணிக்கு, பொறுப்பில் இருப்பவரே அந்த எண்ணுக்குத் தமிழில் அழைத்து ஒரு பஞ்ச் திருத்தம் கேட்க வேண்டும். எத்தனை ரிங்கில் எடுத்தார், எந்த மொழியில் பேசினார், புகார் எண் கொடுத்தாரா, எந்தத் தேதிக்குள் பணம் ஏறும் என்றாரா. இந்த நான்கையும் எழுதி, சொன்ன தேதியில் திருத்தம் ஏறியதா என்று மறுபடி பார்த்து, அந்தத் தாளை ஆலை மேலாளரின் மாதக் கூட்டத்தில் உற்பத்தி எண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும்.